கோணவீட்டில் யாரும் சாகவில்லை

அக்டோபர் 6, திங்கள்

இன்று காலை மணிக்கூண்டு முக்கில் வைத்து மானம் போனது.

என் தொழில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் இருக்கும் என் காலடியில் ஒரு பிரேக். அவர்கள் தப்புச் செய்தால் நான் மிதிக்க வேண்டும். இன்று ஓட்டியது ஜெபமணி டீச்சர். ரிட்டயர் ஆகப்போகிற நேரத்தில் கார் படிக்க வந்திருக்கிறார். டீச்சர் ஒரு தப்பும் செய்யவில்லை. வண்டிக்குள் போன் எடுக்காதீர்கள் என்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிற நான்தான் போனை எடுத்தேன். அதுவும் ஸ்பீக்கரில்.

கோவில்பட்டியிலிருந்து சம்பந்தியம்மாள். மகள் நாச்சியாருக்கு வளைகாப்பு வைக்க நாள் பார்த்தாயிற்றாம். நவம்பர் ஒன்பது, ஞாயிறு. நான் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

“ஆனா அண்ணாச்சி, ஒண்ணு. மனசுல எதும் நெனச்சுக்கிடாதீக. வளைகாப்பு முடிஞ்சதும் பிள்ளைய அங்க அனுப்புறதா இல்ல. பேறுகாலம் இங்கயே ஆகட்டும். அந்த வீட்டுல ஒரு பொம்பள அல்பாயுசுல போயிருக்கா. வயித்துப்பிள்ளக்காரிய அங்க கெடத்த வேண்டாம்னு எங்களுக்குப் படுது.”

கால் தானாக மிதித்துவிட்டது. வண்டி நடு முக்கில் நின்றது. பின்னால் செங்கோட்டை பஸ், அதற்குப் பின்னால் வாழைத்தார் லாரி. டீச்சர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “நான் என்ன தப்பு பண்ணேன் மாஸ்டர்?” என்று கேட்டார். பஸ் கண்டக்டர் தலையை நீட்டி, “ஓய் மாஸ்டர்! ஒமக்கு யாரு வே லைசென்ஸ் குடுத்தா?” என்றான். சிரித்தவர்களில் பாதிப்பேருக்கு நான்தான் வண்டி சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில். இதெல்லாம் நான் கண்டுபிடித்த சட்டமா? உலகம் பூராவும் நடக்கிறது. என் வீட்டுக்காரி உலகம்மாள் இருந்திருந்தால் போனைப் பிடுங்கி இரண்டே வார்த்தையில் பேசி முடித்திருப்பாள். அவள் போய் மூன்று வருஷமாகிறது. எனக்கு வாயில் வந்தது, “சரிங்க சம்பந்தியம்மா, பாத்துக்கிடலாம்.” பின்னால் ஹாரன் அடித்தால் யாருக்குத்தான் வாதம் வரும்?

அக்டோபர் 7, செவ்வாய்

ராத்திரி யோசித்ததில் விஷயம் பிடிபட்டது. இது அந்தப் பழைய கதை.

எங்கள் வீட்டுக்குத் தென்காசியில் கோணவீடு என்று பெயர். தெரு ஒரு பக்கம் பார்க்க, வீடு வேறு பக்கம் பார்க்கும், கோபித்துக்கொண்ட மருமகன் மாதிரி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் வாங்கும்போதே சொன்னார்கள், அந்தக் காலத்தில் அங்கே ஒரு மருமகள் செத்துப்போனாள் என்று. அதனால்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைத்தது. உலகம்மாள், “செத்தவ செத்துட்டா, நமக்கு நாலு பக்கமும் காத்து வருது” என்று பால் காய்ச்சிவிட்டாள். அந்தக் கதையை யாரோ கோவில்பட்டி வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள்.

முடிவு செய்துவிட்டேன். வீட்டின் சரித்திரத்தை முழுசாக விசாரித்து, அப்படி ஒருத்தியும் சாகவில்லை என்று நிரூபித்து, மகளைக் கையோடு கூட்டிவரப் போகிறேன். பத்தாம் வகுப்பில் சரித்திரப் பாடத்தில் நான் எடுத்தது முப்பத்தைந்து. அதுவும் வாத்தியார் எங்கள் அப்பாவுக்குக் கூட்டாளி என்பதால். பானிபட்டில் யார் யாரை அடித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. இருந்தாலும் இது நம் வீடு.

தோசை மாவு புளித்துவிட்டது. ஊற்றித் தின்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

டீக்கடையில் விசாரணையை ஆரம்பித்தேன். பெரிய ஆள் என்றால் சண்முகவேல் அண்ணாச்சிதான்.

“மருமவ கெணத்துல குதிச்சிட்டால்லா.”

“எங்க வீட்டுல கெணறே கெடையாதே அண்ணாச்சி.”

“அதான் மூடிட்டாவல்லா.”

பக்கத்தில் இருந்த தையல்காரர், “கெணறுமில்ல ஒண்ணுமில்ல. பாம்பு. ராத்திரி பூரா பொம்பளையள் கெடந்து அழுத சத்தம் மேலகரம் வரைக்கும் கேட்டுதாம்” என்றார். கேட்டவர் யார் என்றேன். அவருடைய மாமனாராம். மாமனார் எங்கே என்றேன். போய்ச் சேர்ந்துவிட்டாராம். சரித்திரத்தில் இது ஒரு தொல்லை. சாட்சிகள் யாரும் உட்கார்ந்து காத்திருப்பதில்லை.

பத்திரத்தைப் புரட்டினேன். யார் யாருக்கு விற்றார் என்று இருக்கிறது. யார் எந்த அறையில் படுத்தார், யார் எதற்கு அழுதார் என்பதெல்லாம் பத்திரத்தில் வராது. முதலில் கட்டியவர் ஒரு வெற்றிலை வியாபாரி. அவருடைய கடைசி மகள் கடையநல்லூரில் இருக்கிறாராம்.

அக்டோபர் 13, திங்கள்

ஒரு யோசனை. எப்படியும் ஆட்களுக்கு ரோட்டில் ஓட்டிப் பழக்க வேண்டும். அதை விசாரணைக்குப் போகிற வழியாக வைத்துக்கொண்டால் என்ன? டீச்சரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“போலாம் மாஸ்டர். ஆனா வழியில ரைட் கட்டு இருக்கா?”

டீச்சருக்கு அது ஒன்றுதான் வியாதி. இடது பக்கம் எங்கே வேண்டுமானாலும் திரும்புவார். வலது பக்கம் என்றால் கை வராது. பெட்ரோல் பங்கு வலது பக்கம் இருந்தால், ஊரைச் சுற்றி மூன்று இடது போட்டு அங்கே வந்து சேருவார்.

மழை பிடித்துக்கொண்டது. ஹாலில் ஒரு இடத்தில் ஒழுகுகிறது. பாயை நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

கடையநல்லூர் போய் வந்தோம். பெரிய வெற்றி! விவரமாக எழுத வேண்டும்.

வெற்றிலை வியாபாரியின் மகள் பெயர் சொர்ணத்தம்மாள். டிவியில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் வந்தால்தான் பேசுவேன் என்றார். நாங்களும் காத்திருந்தோம். விளம்பரம் வந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் அந்தம்மாளுக்கு வந்ததே கோவம்!

“எவன் சொன்னான்? எங்க வீட்டுல ஒருத்தரும் சாகல. எங்கய்யா ஆஸ்பத்திரில போனாவ. எங்கம்ம எங்க அண்ணன் வீட்டுல போனா. மூணு மதினிமாரும் கல்லு மாதிரி இருக்காளுவ. போய்ப் பாரும்.”

“பாம்பு கடிச்சுன்னு சொல்லுதாவளே?”

“கடிச்சுது. பசுவக் கடிச்சுது. தொழுவத்துல. எங்கம்ம அதுக்குத் தன் கையால புல்லு ஊட்டுவா. அது போன அன்னைக்கு நெஞ்சுல அடிச்சிக்கிட்டு அப்படி ஒரு அழுக. தெருவுல போறவன் மருமவதான் போயிட்டான்னு நெனச்சிருப்பான். நெசம்மா மருமவ போயிருந்தா அந்த அழுக அழுதிருப்பாளான்னு எனக்குச் சந்தேகம்தான்.”

டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. இத்தனை வருஷம் ஒரு பசுவுக்காக வீடு பழி சுமந்திருக்கிறது.

இன்னும் கேள். வீடு ஏன் கோணல்? வாசல் நேர்கிழக்கே பார்க்க வேண்டும் என்று ஜோசியர் சொன்னாராம். தெரு சாய்ந்து கிடக்கிறது. தெருவையா திருப்ப முடியும், வீட்டைத் திருப்பிவிட்டார்கள்.

“அந்த உள்ரூமு இருக்கே, நாங்க அத்தன பேரும் அதுலதான் பொறந்தோம். எங்க மதினிமார் பிள்ளையளும் அங்கதான். நல்ல ரூமு வே. கதவுதான் ஒரு சண்டாளக் கதவு. மழைக்கு ஊறிப் பிடிச்சிக்கிடும். இடுப்பால ஒரு இடி இடிச்சாத்தான் தொறக்கும். இப்பமும் அப்படித்தானா?”

“கவனிக்கலம்மா.”

“கவனிக்கலையா? பதினோரு வருசமா குடியிருக்கேங்கீரு. வெளிய மழ இந்தா ஊத்து ஊத்துது.”

“நான் ஹால்ல படுக்கிற ஆளு. காத்து நல்லா வரும்.”

தொடர் ஆரம்பித்துவிட்டது. கும்பிட்டு எழுந்து வந்தோம்.

திரும்பும் வழியில் டீச்சர் ஏதோ யோசித்தபடி ஓட்டினார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தபோது தானாகவே வலது பக்கம் திரும்பினார். முதல் தடவை. நான் பாராட்ட மறந்துவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. உளுந்தவடை நன்றாக வந்தது. எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தேன். அவர்களும் வடைதான் கொடுத்தார்கள்.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று நாச்சி போன் செய்தாள். மாப்பிள்ளையும் பேசினார். போன வருஷம் இருவரும் தலைதீபாவளிக்கு இங்கே இருந்தார்கள். கட்டிலை உள்ரூமில் போடட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம்ப்பா, அவுகளுக்குக் காத்து வேணும்” என்று நாச்சி ஹாலிலேயே பாயை விரித்துவிட்டாள். நான் அன்றைக்கு மட்டும் வாசல் திண்ணையில் படுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை போர்வையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டுதான் கிடந்தார். மறுநாள் காலையில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எப்போதும் வேலை.

வீட்டு விசாரணையைப் பற்றி அவளிடம் பெருமையாகச் சொன்னேன். பசுவைச் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

“எதுக்குப்பா இந்த வேல?”

“எதுக்கா? ஒன் மாமியா வாய அடைக்கத்தான்.”

“அத்தைய ஒண்ணும் சொல்லாதீங்கப்பா.”

சிக்னல் சரியில்லை போல. குரல் விட்டுவிட்டு வந்தது. பிறகு சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். வடை என்றேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

குற்றாலம் போனோம். எங்களுக்கு முன்னால் கோணவீட்டில் வாடகைக்கு இருந்தவர் அங்கே இருக்கிறார். வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெயர் அருணாசலவடிவு. சீசன் முடிந்த குற்றாலத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அருவி மட்டும் ஆள் இல்லாத கூட்டத்துக்குப் பேசிக்கொண்டே இருக்கிறது.

அவரும் அடித்துச் சொல்லிவிட்டார். “சாவா? எம் பொண்டாட்டி அந்த வீட்டுலதான் ரெட்டப்பிள்ள பெத்தா. உள்ரூம்ல. நல்ல வீடு மாஸ்டர். மாத்தலாகிப் போறப்ப அவ அழுதா.”

ஆக, வெற்றிலை வியாபாரி காலம் தொட்டு வனத்துறைக்காரர் வரைக்கும் ஒரு சாவு இல்லை. பிறப்போ ஏராளம். முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரிக்கு அடுத்தபடி ஊரில் அதிகம் பிள்ளை பிறந்த இடம் எங்கள் வீடுதான் என்று டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, முறையாக.

“மாஸ்டர், எந்த வருஷம் வரைக்கும் விசாரிச்சிருக்கீங்க?”

“நாங்க வாங்குற வரைக்கும்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் என்ன டீச்சர், நாங்கதான் இருக்கோமே.”

டீச்சர் என் முகத்தையே பார்த்தார். பரீட்சையில் தப்பாக எழுதிவிட்டு நன்றாக எழுதினேன் என்று சொல்லும் பிள்ளையைப் பார்ப்பார்களே, அப்படி. “மழை வரும்போல, போலாமா?” என்று வண்டியை எடுத்தார். கிளட்சை விட்ட விதம் அருமை. அடுத்த மாதம் டெஸ்டில் பாஸாகிவிடுவார்.

நவம்பர் 2, ஞாயிறு

வெள்ளையடிப்பு. பெயிண்டர் கணபதி, ஹாலையும் அடுக்களையையும் முடித்துவிட்டு, “உள்ரூம் சாவி எங்க அண்ணாச்சி?” என்றான். அது அப்புறம் என்றேன்.

“பிள்ள வருதுங்கிய. பேறுகாலத்துக்கு அதான ரூமு?”

“அவ வந்து கலர் சொல்லட்டும்டே.”

தொட்டில் கட்டுவதற்குக் கொக்கி ஒன்று வாங்கி ஹாலில் மாட்டச் சொன்னேன். அவன் ஏணியில் நின்றபடியே உள்ரூம் கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பெயிண்டர்களுக்கு எப்போதும் அடுத்த அறைமேல்தான் கண். கூலி கூடுமே.

நவம்பர் 5, புதன்

சொல்ல வேண்டியதை ஹாலில் நடந்துகொண்டே பேசிப் பழகினேன். புது வெள்ளையில் குரல் எதிரொலிக்கிறது.

நவம்பர் 8, சனி

நாளைக்குக் கட்டுச்சோறு. புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் ஐயர் மெஸ்ஸில் சொல்லியாயிற்று. பெண்வீட்டு முறை செய்யச் செங்கோட்டையிலிருந்து என் தங்கச்சி வருகிறாள். நாளை ராத்திரி நாச்சி இங்கே இருப்பாள். புது பல்பு மாட்டினேன்.

நவம்பர் 10, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

கோவில்பட்டியில் சம்பந்தி வீட்டில் வளைகாப்பு நன்றாகத்தான் நடந்தது. நாச்சி பச்சைப் பட்டில் உட்கார்ந்திருந்தாள், கன்னமெல்லாம் சந்தனம், இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். நான் புளியோதரை அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் அம்மா ஜாடை என்று நாலு பேர் சொன்னார்கள்.

பந்தி முடிந்து, பெரியவர்கள் ஹாலில் உட்கார்ந்தார்கள். இதுதான் சமயம் என்று எழுந்தேன். அத்தனை பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. காருக்குள் ஒருத்தரிடம் பேசுகிறவன் நான்.

“சம்பந்தியம்மா ஒரு வார்த்த சொன்னாவ, எங்க வீட்டுல ஒரு பொம்பள அல்பாயுசுல போயிட்டான்னு. ஊரு பூரா விசாரிச்சிட்டேன். கட்டுன காலத்துலருந்து அந்த வீட்டுல ஒரு பொம்பளையும் சாகல. செத்தது ஒரு பசு. அதுவும் தொழுவத்துல.”

பின்வரிசையில் சிரித்தார்கள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வெற்றிலை வியாபாரி, நெஞ்சில் அடித்துக்கொண்ட மாமியார், ரெட்டைப்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னேன். “அந்த வீட்டுல சாவே கெடையாது. பொறப்புதான்” என்று முடித்தேன். யாராவது கை தட்டுவார்கள் என்றுகூட நினைத்தேன்.

முன்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தங்கச்சி சேலை முந்தானையை வாயில் வைத்திருந்தாள். நாச்சி இரண்டு கையாலும் முகத்தை மூடினாள். அத்தனை வளையலும் ஒரு சத்தம் போட்டு அடங்கின.

சம்பந்தியம்மாள் எழுந்து என் பக்கத்தில் வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“அண்ணாச்சி. நான் நாச்சியோட அம்மாவச் சொன்னேன்.”

இதை எப்படி எழுதுவது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். அவர் சொன்னது உண்மைதான். உலகம்மாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் படுக்கிறேன் என்று உள்ரூமுக்குப் போனாள். நாற்பத்தாறு வயது. டீ போட்டுக்கொண்டுபோய் எழுப்பினேன். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாமல் என்ன? ஆனால் நான் விசாரித்த சரித்திரம், நாங்கள் சாவி வாங்கிய அன்றோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் நடந்தது அந்த வீட்டுக் கணக்கில் வரும் என்று சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை. ஊர்ச் சாவெல்லாம் தேடினேன். அவளைத் தேடவில்லை.

எல்லோரும் தாம்பூலம் வாங்கிக் கிளம்பிய பிறகு, நாச்சி என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனாள். படி ஏறும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். மேலே கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

“அத்த மேல கோவப்படாதீங்கப்பா. அவுக ஒண்ணும் சொல்லல. நாந்தான் அவுகள சொல்லச் சொன்னேன்.”

“நீயா?”

“ஒங்ககிட்ட நான் எப்படிப்பா சொல்ல? நீங்க அந்த வீட்டுலதான இருக்கீங்க.” அவள் கொடியில் கிடந்த துண்டை மடித்தாள். பிரித்தாள். திரும்பவும் மடித்தாள். “தலதீவாளிக்கு வந்தப்ப ராத்திரி பூரா அந்தக் கதவப் பாத்துக்கிட்டேதான் கெடந்தேன். பிள்ளைய வச்சிக்கிட்டு அங்க என்னால முடியாதுப்பா. அம்மா இருந்தா வேற.”

அழுகிறாளோ என்று பார்த்தேன். அழுதுகொண்டுதான் இருந்தாள். கர்ப்பிணி அழக் கூடாது. என் கையில் இருக்கிற ஒரே சரக்கை எடுத்தேன்.

“ஏட்டி, நல்லதாப் போச்சு. எனக்குப் பத்தியம் வைக்கத் தெரியுமா? நான் வைக்கிற பூண்டுக்கொழம்ப ஒரு வா தின்னேன்னா, பிள்ள தானா எறங்கி கோவில்பட்டிக்கு பஸ் ஏறிரும்.”

சிரித்துவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிப்பது அப்படியே அவள் அம்மா.

“நீங்க எப்படித்தாம்ப்பா அந்த ரூம்ல படுக்கீங்க? நான் இவர்ட்ட சொல்லிக்கிட்டே இருப்பேன், எங்கப்பாக்கு மனசு தைரியம்னு.”

“படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம்” என்றேன்.

சாயங்காலம் மாப்பிள்ளைதான் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார். அவளும் வருவேன் என்று அடம்பிடித்து வந்தாள். தங்கச்சி ஏற்கனவே ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். காலியான புளியோதரை வாளி என் மடியில். நாச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பிள்ள பொறந்து கொஞ்சம் நிமுந்ததும் ஒருநாள் கூட்டிட்டு வாரேன்ப்பா. காலைல வந்துட்டு சாயங்காலம் திரும்பிருவோம். கோவமில்லையே?”

“எனக்கென்னட்டி கோவம்? மெதுவா வா. வீடு எங்கயும் போயிராது.”

டிரைவர் வண்டியை எடுத்தான். கிளட்சை வெடுக்கென்று விட்டான். என்னிடம் படித்தவனாக இருக்காது. அவள் கையாட்டினாள். நானும் வாளியைப் பிடித்துக்கொண்டு கையாட்டினேன்.

ஏட்டி, உங்க அம்மாவைத் தூக்கிட்டுப் போன அன்னைக்கு நான் சாத்தின கதவு அது. தனியாத் திறக்க எனக்குக் கை வரல. நீ வந்தா ரெண்டு பேருமாச் சேர்ந்து திறக்கலாம்னுதான் இருந்தேன்.